மாத்திரை பேசிய மாதங்கள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் முப்பது வருஷமாகக் குடியிருந்தும், நடேசனின் குரல் எப்படி இருக்கும் என்று அண்டை வீட்டாருக்குத் தெரியாது. லிஃப்டில் யாராவது ஏறினால் தலையை ஆட்டுவார். மழை பிடித்துக்கொண்டால் வானத்தை ஒரு தடவை பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய பேச்சு. சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அங்கே இருக்கிற இரைச்சலில் வாயை மூடிக்கொண்டிருப்பவன்தான் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்ளலாம். வீட்டில் என்ன இரைச்சல் இருந்தது?

மனைவி உமாமகேஸ்வரி மன்னார்குடிப் பெண். கல்யாணம் ஊரில் நடந்தது. மாப்பிள்ளை முன்னால் சிங்கப்பூர் திரும்பிவிட, விசா வந்த பிறகு அவள் தனியாக விமானம் ஏறி வந்தாள். வந்த முதல் வருஷம் முழுக்க, இந்த மனுஷனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்துகொண்டே இருந்தாள். பிறகு வேலைக்குப் போனாள், பிள்ளை பெற்றாள், பயம் பழகிவிட்டது. பழகியதே தவிரப் போகவில்லை. மனைவியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மகள் மோகனப்பிரியா பிறந்ததிலிருந்து, "பிரியா, அம்மாவ வரச் சொல்லு" என்பார். அவள் பிறப்பதற்கு முன்னால் இருமுவார்.

எல்லாம் முழங்காலில்தான் ஆரம்பித்தது. வண்டியில் ஏறி இறங்கியே அவருக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. பாலிகிளினிக்கில் கொடுத்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. களிம்பு வீடு முழுக்க மணத்தது, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், கூட வேலை செய்யும் சாகுல் ஹமீது எல்லை தாண்டி மலேசியாவுக்குப் போனபோது ஒரு போத்தல் ஜாமு, மலாய்க்காரர்களின் நாட்டு மருந்து, வாங்கிவந்து கொடுத்தார். எல்லாம் மூலிகை, ஒரு கெடுதலும் வராது, என் மாமனாரே இதைச் சாப்பிட்டுத்தான் எழுந்து நடக்கிறார் என்றார். பழுப்புத் தூள் அடைத்த கேப்சூல். போத்தலின் மேல் ஓடுகிற குதிரையின் படம். நடேசன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போட ஆரம்பித்தார். வாரம் முடிவதற்குள் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வந்து நின்றார்.

காலைத் தொடர்ந்து வாயும் திறந்துகொண்டது. மாடியில் இருக்கும் சீனத்துப் பாட்டியிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். விடியும் முன்பே எழுந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார், தாழ்வாரத்தைக் கழுவினார், பாட்டு வேறு. உமா வேலை பார்ப்பது தேக்கா பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில். வேலை முடிந்து அவள் வெளியே வரும்போது எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, "உமா" என்று கூப்பிட்டார். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் உட்கார வைத்து, தேநீர் ஆர்டர் பண்ணிவிட்டு, சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தார்.

"நீ மொதமொத இங்க வந்தப்ப பச்சை சேலை கட்டிருந்த. ட்ராலிய தள்ளிக்கிட்டு தனியா வெளிய வந்த. நான் பயந்துட்டேன் தெரியுமா? இவ்ளோ அழகா இருக்கிற பொண்ணு என்கூட எப்படி இருக்கும்னு."

கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்த உமாவின் கை சுட்டது, எடுக்கவில்லை. முப்பது வருஷமாகக் காத்திருந்த பேச்சு இப்படிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வந்து சேரும் என்று அவள் நினைக்கவே இல்லை. அன்று ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. மனுஷன் தூங்குவது இல்லை. முகம் உருண்டையாகி, கன்னம் உப்பி, தெரிந்தவர்களெல்லாம் மாப்பிள்ளைக் களை என்று கேலி செய்தார்கள். கையும் காலும் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தன. எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்கையில் கருநீலமாகக் கன்றியிருந்தது. கோபமும் புதிது. கரண்டியை இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்று பிரியாவைப் பிடித்து ஒரு நாள் கத்தினார், தட்டு பறந்தது. அடுத்த நிமிஷம் தரையில் உட்கார்ந்து சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டே தேம்பினார். வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் உமாவின் காது நீண்டுவிடும், இன்றைக்கு உள்ளே வரப்போவது பாடுகிறவரா, கத்துகிறவரா என்று. டாக்டரைப் பார்க்கலாமா என்று பிரியா கேட்டாள். எதற்கு என்று உமா தட்டிக்கழித்தாள். டாக்டர் எதையாவது சொல்லி அந்தப் பச்சைச் சேலையைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று ஒரு பயம். அந்தப் பயத்தை மகளிடம் எப்படிச் சொல்வது?

இந்த நேரத்தில் நடேசன் ஒரு வேண்டுதல் வைத்தார். கால் கொடுத்தது மாரியம்மன், ஆகவே அந்தக் காலாலேயே தீ மிதிக்கப்போவதாகச் சொன்னார். உமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் மனத்துக்கு அதுதான் சரியான விளக்கமாகவும் பட்டது. அம்மன் அருள் வந்த மனுஷன் தூங்கமாட்டான், பாடுவான், சில நேரம் கத்தவும் செய்வான். இனி டாக்டர் பேச்சுக்கே இடமில்லை. புரட்டாசி பிறந்தது. மஞ்சள் துணி எடுத்தார்கள், பாய் விரித்தார்கள், வீட்டில் முட்டைகூட நுழையவில்லை. விரதத்தில் ஒரு சின்னப் பிசகும் வந்துவிடக்கூடாது என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பூக்குழியில் இறங்கப்போவது அவருடைய கால் அல்லவா?

அந்த மாதம் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள். இந்த ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கா, அந்த மிட்டாயில் இருக்கா என்று. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்வது உமாவின் வேலை. ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, சில சமயம் பன்றியிலிருந்தும் எடுப்பது என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு மத்தியானம் யாருக்கோ இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேப்சூல் கூடு எதில் செய்வது? விரதக்காரர் தினம் இரண்டு வேளை மாட்டு எலும்பை விழுங்கிக்கொண்டிருக்கிறாரே.

வீட்டுக்கு வந்த முதல் வேலையாக, மேசை மேல் இருந்த போத்தலை எடுத்து அலமாரியின் அடியில் தள்ளினாள். விஷயத்தைச் சொன்னாள். நடேசனும் ஆடிப்போய்விட்டார். உடனே நிறுத்திவிடுகிறேன், காலை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார்.

முதலில் பாட்டு நின்றது. பிறகு பேச்சு. அதன் பிறகு வந்தது அவருடைய பழைய மௌனம் இல்லை, அதை உமா நன்றாக அறிவாள். இது வேறு. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர் குடித்தாலும் குமட்டியது. உடம்பு முழுக்க வலி என்றார். காரணமே இல்லாமல் பயமாக இருக்கிறது, கதவைச் சாத்து என்றார். கதவு சாத்தித்தான் இருந்தது. விரதம் கடுமையாக இருந்தால் அப்படித்தான், அம்மன் சோதிக்கிறாள் என்று கோயிலில் தெரிந்தவர் ஒருவர் தைரியம் சொன்னார். உமா அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு இருவரும் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பேருந்து வருகிறது என்று அவள் கையைக் காட்டினாள். நடேசன் எழுந்தார், அப்படியே மடங்கித் தரையில் விழுந்தார். கை ஜில்லென்றிருந்தது. அவள் கூப்பிட்டதற்குக் கண் திறந்தது, ஆனால் அவளைத் தெரிந்துகொள்ளவில்லை. பழக்கடைப் பையன்கள் ஓடி வந்தார்கள், யாரோ ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணினார்கள். ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். ஒரு மருந்தும் சாப்பிடுவதில்லை என்று உமா அடித்துச் சொன்னாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. ஜாமு மருந்தா என்ன? அதையும்தான் நிறுத்தியாகிவிட்டதே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திவ்யதர்ஷினி என்றொரு இளம்பெண் அவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றின் இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். உருண்ட முகத்தைப் பார்த்தாள், இளைத்த கைகளைப் பார்த்தாள். பிறகு உமாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, டாக்டர் கொடுத்த மருந்த விடுங்க. வேற எதாச்சும்? மூலிகை, ஜாமு, மூட்டுவலிக்கு எதாச்சும்?"

"ஒரு கேப்சூல். நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள் உமா.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. நர்ஸிடம் ஏதோ சொன்னாள், உடனே ஊசி ஏறியது. அதற்குப் பிறகுதான் உமாவை உட்கார வைத்து விளக்கினாள். அந்தத் தூளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று அவள் சந்தேகப்பட்டாள், பின்னால் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்துச் செய்த சோதனையில் அதுதான் உண்மை என்று தெரிந்தது. கிட்னிக்கு மேலே தொப்பி வைத்தது போல் இரண்டு சுரப்பிகள் உண்டாம். ஒருவன் காலையில் எழுந்து நிற்பதற்கும், பயத்தைத் தாங்குவதற்கும், ஒரு காய்ச்சலைச் சமாளிப்பதற்கும் வேண்டிய கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் வருமாம். எவ்வளவு சுரக்கவேண்டும் என்று மூளை சொல்லி அனுப்பும். அதே வேலையைச் செய்யும் மருந்து வெளியிலிருந்து மாதக்கணக்காகக் கொட்டினால், மூளை சொல்வதை நிறுத்திவிடும், சுரப்பி தூங்கிப்போகும். அப்போது மருந்தையும் வெடுக்கென்று நிறுத்தினால் உடம்புக்கு ஒரு பக்கமிருந்தும் வரத்து இல்லை. அந்த ஹார்மோன் ரத்தத்தோடு மூளைக்குள்ளும் போகிறது என்றாள். தூக்கம், கோபம், பயம், ஞாபகம் எல்லாம் இருக்கிற இடங்களில் போய் உட்காருமாம். மிதமிஞ்சிப்போனால் சிலருக்குச் சிறகு முளைத்த மாதிரி இருக்கும், சிலருக்கு வெறி வரும். குறைந்துவிட்டால் உலகமே இருண்டுவிடும்.

உமா கேட்டுக்கொண்டே இருந்தாள். பாடினவரும் மருந்து, கத்தினவரும் மருந்து, சுவரைப் பார்த்தவரும் மருந்து. அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை நினைக்க அவமானமாக இருந்தது. பக்தியின் பேரில் புருஷனைக் கொல்லப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்து குடைந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் அதைக் கேட்பது வெட்கக்கேடு என்று தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது. நடேசன் பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்.

"என்கிட்ட சில விஷயம் பேசினாரு. முன்ன எப்பவும் பேசாதது. நல்ல விஷயம். அதுவும் மருந்துதானா?"

டாக்டர் கட்டிலின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"ஹார்மோன் வார்த்தைய கொண்டு வராது ஆன்ட்டி. வேகத்த கூட்டும், தூக்கத்த கெடுக்கும், பிரேக்க எடுத்துடும். எது மருந்தோட வேகம், எது அங்கிளோட சொந்தப் பேச்சுனு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. அவரத்தான் கேக்கணும்."

அவரைக் கேட்பதாவது.

சாகுல் ஹமீது ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து கட்டிலருகே நின்று கண்கலங்கினார். போகும்போது மாமனாரையும் கையோடு டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினார். நடேசன் பிழைத்தார். அந்த வருஷம் தீ மிதிக்கவில்லை. சரியான அளவில் டாக்டரே மருந்து எழுதிக் கொடுத்து, மாதம் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். தூங்குகிற சுரப்பியை அதட்டி எழுப்பக்கூடாதாம், தானாக எழ விடவேண்டுமாம்.

ஒவ்வொரு தடவை அளவு குறைந்தபோதும் உமா அவரையே கவனித்தாள். முகம் வற்றிப் பழைய முகமானது. தூக்கம் வந்தது. கோபம் போனது, அதற்காகச் சாமி படத்துக்கு முன் விளக்கேற்றினாள். கூடவே பேச்சும் போனது. தேக்காவின் எதிர்ச்சாரியில் யாரும் நிற்கவில்லை. "பிரியா, அம்மாகிட்ட கேளு" என்பது திரும்பி வந்தது. டாக்டருக்கு இதெல்லாம் நல்ல அறிகுறி, வேகமாகத் தேறுகிறார் என்று பாராட்டினாள். உமாவுக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் வீட்டிலிருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களை எடுத்துக்கொண்டு போவது போல் இருந்தது.

இது மருந்து இறங்குகிற மௌனமா, தன் மேல் கோபமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. போத்தலை ஒளித்து வைத்தவள் அவள்தானே. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு முழங்காலில் களிம்பு தேய்க்கப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அலமாரியின் அடியில் கூட்டும்போது ஒருநாள் போத்தலிலிருந்து சிந்திய பழைய கேப்சூல் ஒன்று துடைப்பத்தில் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒரு வேளைக்கு ஒன்றே ஒன்று கொடுத்தால் ஒரு சாயங்காலமாவது பேசுவாரோ என்று ஒரு நினைப்பு. நினைத்த அடுத்த நிமிஷமே அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட்டாள்.

அடுத்த தீபாவளிக்குள் மருந்து முழுக்க நின்றுவிட்டது. சுரப்பி விழித்துக்கொண்டது என்று டாக்டர் கைகுலுக்கினாள். சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் போட்டிருந்தார்கள். பிரியா பணம் கொடுத்து, அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொடுங்கள் என்று இரண்டு பேரையும் அனுப்பி வைத்தாள். துணிக்கடை என்றால் நடேசன் வெளியே கடையோர ஐந்தடி நடைபாதையில் தூணோரமாக நின்றுகொள்கிறவர். அன்றைக்குச் சாய்வாக மழை அடித்ததால் வேறு வழியில்லாமல் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைப் பெண் ஒவ்வொன்றாக விரித்தாள். உமாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பச்சை ஒன்று விரிந்தது, சிவப்புக் கரை. அவள் சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பச்சை சரி," என்றார் நடேசன்.

கடைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பேசுகிறவர் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலும்.

"கரைதான் தப்பு. அன்னிக்கு நீ கட்டிட்டு வந்ததுக்கு மாம்பழக் கலர் பார்டர்."

உமா அவர் பக்கம் திரும்பினாள். விமான நிலையத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. அந்தச் சேலை பிரியாவுக்குத் தூளியாகி, கிழிந்து, கரித்துணியாகி எப்போதோ ஒழிந்துவிட்டது. அதன் கரை மாம்பழ நிறம் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். கோப்பிக் கடையில் அவ்வளவு பேசிய அன்றுகூட அவர் கரையைச் சொல்லவில்லையே.

"மாத்திரைதான் அதெல்லாம் பேசுச்சினு நெனச்சிட்டேன்," என்றாள்.

நடேசன் சேலையின் முந்தானையை ஒரு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீ டாக்டர்கிட்ட கேட்டது என் காதுல விழுந்துச்சி. அன்னிக்கு நான் தூங்கல," என்றார். பிறகு, "ஏர்போர்ட்டுக்கு மாத்திரையா வந்துச்சி? நான்தானே வந்தேன்."

அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கான பேச்சு தீர்ந்துவிட்டது போல எழுந்தார். கோபமாக இருக்கிற மனுஷன் ஒரு கரையின் நிறத்தை இத்தனை காலம் வைத்திருந்து சொல்லமாட்டான் என்று உமா நினைத்தாள், நினைக்க நினைக்கக் கண் மறைத்தது. எந்தச் சேலையை எடுப்பது என்று கடைப் பெண் கேட்டாள். மாம்பழக் கரை போட்ட பச்சை இருந்தால் தேடிப் பார்க்கச் சொன்னாள். மழை விட்டிருந்தது. நடேசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தன்னுடைய தூணை நோக்கிப் போனவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"உமா, குடைய மறந்துடாத," என்றார்.